இணைய விளையாட்டின் கதைக்குள் நுழைவது எப்படி? சிங்கப்பூர்ப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடியிருக்கலாம். அல்லது பிள்ளைகள் ரோப்லாக்ஸில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசித்திருக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் கதைக்காகவே வருடக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைக்குள் எப்படிப் போவது, எங்கிருந்து தொடங்குவது என்று இங்கே சொல்கிறேன். இதுவரை கணினி விளையாட்டே ஆடாதவரும் தயங்காமல் படிக்கலாம்.

இந்த வகை விளையாட்டு பிறந்ததே சொற்களில்தான். 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ விளையாட்டில் படம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைத் திரை எழுத்தில் விவரிக்கும். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை நீங்கள் தட்டச்சு செய்வீர்கள். அதே இடத்தில் இன்னொரு மனிதரும் வேறொரு கணினியிலிருந்து வந்து நிற்பார். இன்றைய பெரிய விளையாட்டுகளில் படமும் இசையும் சேர்ந்திருக்கின்றன, ஆனால் அந்த இன்னொரு மனிதர்தான் இன்னும் விஷயமே.

முதலில், எந்தக் கதை?

உள்ளே போனால் மூன்று விதமான கதைகள் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். இது தெரியாமல் போகிறவர்கள்தான் ஒரு வாரத்தில் சலித்துத் திரும்புகிறார்கள்.

ஒன்று, நிறுவனம் எழுதிவைத்த கதை. அரசன், சதி, போர், துரோகம் எல்லாம் அதில் இருக்கும். வழியில் நிற்கும் என்பிசி பாத்திரங்கள் (மனிதர் இல்லை, கணினி இயக்குபவை) உங்களிடம் பேசி, குவெஸ்ட் என்று ஒரு வேலை கொடுப்பார்கள். அதை முடித்தால் கதை நகரும்.

இரண்டாவது, அந்த உலகத்துக்கே நடப்பது. 2010 இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 14 படுதோல்வி அடைந்தது. நிறுவனம் அதைச் சத்தமில்லாமல் மூடிவிடவில்லை. 2012 இல் அந்த உலகத்து வானில் சிவப்பு நிலவு ஒன்று வாரா வாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நவம்பரில் விளையாட்டை ஓட்டும் மையக் கணினியான சர்வரை நிறுத்தியபோது அந்த நிலவு விழுந்து உலகம் அழிந்ததாகக் கதையை முடித்தார்கள். 2013 ஆகஸ்டில் விளையாட்டைப் புதிதாகக் கட்டித் திறந்தபோது, கதை அந்த அழிவுக்கு ஐந்து வருடம் கழித்துத் தொடங்கியது. 2019 அக்டோபரில் ஃபோர்ட்நைட் தீவையே ஒரு கருந்துளை விழுங்க, ஒன்றரை நாள் திரையில் வேறெதுவும் இல்லாமல் லட்சக்கணக்கானோர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதுவும் இந்த வகைதான்.

மூன்றாவது, ஆடுபவர்களே உண்டாக்கும் கதை. என் மனசுக்கு இதுதான் நெருக்கம். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஹக்கார் என்ற எதிரியுடன் சண்டை போட்டவர்களுக்கு ஒரு தொற்றுநோய் ஒட்டிக்கொண்டது. சண்டை நடந்த கோயிலுக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய நோய், வீரர்கள் வளர்த்த விலங்குகள் வழியாகத் தலைநகரங்களுக்குப் போய்விட்டது. புதியவர்கள் தெருவில் செத்து விழுந்தார்கள். சிலர் ஓடி வந்து வைத்தியம் பார்த்தார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், வேண்டுமென்றே பரப்பியவர்களும் உண்டு. யாரும் எழுதிவைக்காத இந்தக் கதையை 2007 இல் தொற்றுநோய் ஆய்வாளர்கள் மருத்துவ இதழிலேயே விவாதித்தார்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 2014 ஜனவரியில் நடந்த பெரும்போரும் அப்படித்தான். ஒரு கூட்டணி தன் வசமிருந்த பகுதிக்குக் கட்ட வேண்டிய தொகை உரிய நேரத்தில் கட்டப்படவில்லை. எதிரிகள் புகுந்தார்கள். 21 மணி நேரம் போர் நடந்தது, டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அந்த விண்வெளியில் இன்றும் அதற்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. மேப்பிள்ஸ்டோரியின் தென்கிழக்காசியப் பதிப்பு 2005 இல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்தது. பிறகு அதில் சிங்கப்பூரே ஒரு வட்டாரமாகச் சேர்ந்தது: சிபிடி, போட் கீ, ஊலு சிட்டி, அதற்கப்பால் ஒரு பேய்க் கப்பல், கப்பலில் கேப்டன் லட்டானிக்கா. அப்போது உயர்நிலைப்பள்ளியில் படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்தக் கேப்டனின் கதை பாதி மறந்திருக்கும். எந்த நண்பர்களோடு கப்பலுக்குப் போனோம், யார் நடுவில் செத்தார், யார் அம்மா கூப்பிட்டு எழுந்து போனார் என்பதெல்லாம் அப்படியே சொல்வார்கள். அதனால்தான் கேட்பவர்களிடம் நான் சொல்வது: எந்த விளையாட்டு என்பதைவிட, யாரோடு ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

படி 1: நேரத்தைப் பாருங்கள்

தேசிய சேவையில் இருப்பவருக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான். மருத்துவமனை ஷிஃப்டில் இருப்பவருக்கு நேரம் வாரம்தோறும் மாறும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவு 10 மணிக்கு முன்னால் முடியவே முடியாது. இதை மறைக்காமல் கணக்குப் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள் என்று பாருங்கள். ஜப்பான் நமக்கு 1 மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆக நம் இரவு 8 மணி அவர்களுக்கு 9. கூட்டம் களைகட்டும் வேளை அது. சிட்னி 2 அல்லது 3 மணி நேரம் முன்னால் என்பதால் அங்குள்ளவர்கள் நமக்கு முன்பே தூங்கப் போவார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலைக் கூட்டம் நமக்குக் காலைப் பசியாறும் நேரம். தமிழ்நாட்டு நண்பர்களோடு ஆடுவதென்றால் இரண்டரை மணி நேர வித்தியாசம். அவர்கள் சாப்பிட்டு முடித்து 9 மணிக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு இரவு 11:30. மறுநாள் வேலை இருந்தால் இது சரிப்படாது. வெள்ளி, சனி இரவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: விளையாட்டும் சர்வரும்

எழுதிய கதைதான் வேண்டும், நன்றாகவும் இருக்க வேண்டும், முதலில் காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஃபைனல் ஃபேன்டஸி 14 இலிருந்து தொடங்குங்கள். அதன் இலவச முன்னோட்டத்துக்கு நாள் கணக்கு கிடையாது. 70 ஆம் நிலை வரைக்கும், அடிப்படைக் கதையும் இரண்டு தொடர்பாகங்களும் அதில் அடங்கும். சந்தையில் விற்பது, கில்டில் (ஆட்டக்காரர்களின் நிரந்தரக் குழுவில்) சேர்வது போன்றவற்றுக்குத் தடை உண்டு. ஒரு எச்சரிக்கை: அந்தக் கணக்கில் ஒருமுறை முழு விளையாட்டை வாங்கிவிட்டால் பழையபடி இலவச முன்னோட்டத்துக்குத் திரும்ப முடியாது, மாதச் சந்தா கட்டித்தான் ஆட வேண்டும். ஆகவே அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

இன்னொரு நல்ல தேர்வு ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக். 2011 இல் வந்தது, இலவசமாகத் தொடங்கலாம். குழுவாகப் போய் ஒரு பாத்திரத்திடம் பேசும்போது ஒவ்வொருவரும் தனித்தனியே பதிலைத் தேர்ந்தெடுப்பார்கள். யார் பதில் சபையில் ஒலிக்கும் என்பதை எண்களை உருட்டி விளையாட்டு முடிவு செய்யும். நீங்கள் கைதியை விடுவிக்க நினைத்திருப்பீர்கள், நண்பரின் பதில் விழுந்து கைதி தலை உருண்டிருக்கும். சேர்ந்து கதை சொல்வது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கற்றுத்தர முடியாது. கில்ட் வார்ஸ் 2 இன் அடிப்படைப் பகுதியும் இலவசம், ஆனால் சர்வர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான்.

மொபைல் லெஜண்ட்ஸ், டோட்டா, வேலரன்ட் போன்றவற்றிலும் ஒவ்வொரு வீரருக்கும் முன்கதை இருக்கிறது, படிக்கவும் சுவாரசியமாக இருக்கும். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்ததும் உலகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். கதைக்குள் வாழ அவை பொருந்தாது.

சர்வர் தேர்வு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பின்னால் மாற்றுவது தொல்லை. பிங் என்பது உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 70 முதல் 90 மில்லி விநாடி, சிட்னிக்குக் கிட்டத்தட்ட 100, அமெரிக்க மேற்குக் கரைக்கு 170க்கு மேல். கதைக்காக ஆடுகிறவருக்கு 170 கூடத் தாங்கும். பேச்சும் நடையும் அதனால் கெடாது, கடுமையான சண்டைகளில்தான் சிரமம் தெரியும். ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் ஜப்பான் சர்வர்களில் டான்பெர்ரி என்பதில் தென்கிழக்காசியர்கள் அதிகம், ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கலாம். 2022 முதல் ஓஷியானியாவுக்கான சர்வர்களும் உள்ளன. தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால், கணக்கெல்லாம் வேண்டாம், அவர் இருக்கும் சர்வருக்கே போய்விடுங்கள்.

படி 3: ஸ்கிப் பொத்தானைத் தொடாதீர்கள்

புதியவர்களை விரட்டுவது எதிரிகளைவிட அவசரம்தான். “எல்லாம் ஸ்கிப் பண்ணு, கடைசி நிலைக்கு வா, அங்கேதான் ஆட்டமே” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் முதல் பாகத்தின் கடைசிக் கோட்டைக்குள், புதியவர் கதைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் ஓடிப்போய்ச் சண்டையை முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. பார்த்து முடித்து நிமிர்ந்தால் எதிரி செத்துக் கிடப்பான். கடைசியில் நிறுவனமே தலையிட்டு, அங்கே காட்சிகளை யாரும் தவிர்க்க முடியாதபடி மாற்றியது. எத்தனையோ பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது: முதல்முறை வருபவரின் கதைக்காக மற்றவர்கள் காத்திருக்கலாம், தப்பில்லை. அதே விளையாட்டில் புதியவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைநிற முளை ஒன்று தெரியும். அதைப் பார்த்தால் பழையவர்கள் பொறுமையாக இருப்பார்கள். குழுவில் நுழைந்ததும் “முதல்முறை வருகிறேன், காட்சிகளைப் பார்க்கப் போகிறேன்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பெயர்கள் குழப்பும். ஒரு நோட்டோ தொலைபேசிக் குறிப்போ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் யாரிடம் என்ன கேட்டார்கள், எது இன்னும் தெரியவில்லை, யாரை நான் நம்பவில்லை. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பின்னால் மிகவும் ருசியாக இருக்கும்.

படி 4: உங்கள் பாத்திரத்துக்கு ஐந்து வரி

பெரிய முன்கதை எழுதாதீர்கள். அழிந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு என்று ஆரம்பித்தால், சந்தையில் உங்களைப்போல நாற்பது வாரிசுகள் நிற்பார்கள். ஐந்து வரி போதும்: எங்கிருந்து வந்தவர், என்ன வேண்டும், எதற்குப் பயம், ஒரு பழக்கம், இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி. எடுத்துக்காட்டாக, ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் வரும் லிம்சா லொமின்சா என்ற துறைமுக நகரத்தில் தொடங்கும் ஒரு பெண்:

மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். சொந்தமாக ஒரு படகு வாங்க வேண்டும். கடலில் இறங்கப் பயம். யார் காசு கொடுத்தாலும் அவர்கள் முன்னாலேயே எண்ணிப் பார்ப்பாள். அண்ணன் ஏறிப்போன கப்பலின் பெயரை அப்பா ஏன் சொல்ல மறுக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

படகு ஆசையும் கடல் பயமும் ஒன்றோடொன்று முட்டுகின்றன, அதனால் அவள் சும்மா நிற்க முடியாது. காசை எண்ணும் பழக்கம் மற்றவர்களுக்குப் பேச்செடுக்க ஒரு பிடி. அண்ணன் கேள்விக்கு விடையை நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். வேறொருவர் ஒருநாள் “அந்தக் கப்பலை நான் பார்த்திருக்கிறேன்” என்பார். அங்கே தொடங்கும் கதை.

பெயர் வைக்கும்போது தமிழ்ப் பெயர் வைக்கலாம், தாராளமாக. ஆனால் சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், புளோக் எண் எதுவும் வேண்டாம்.

படி 5: பாத்திரமாகப் பேசுவது

இதை ரோல்பிளே என்பார்கள். பலருக்குக் கூச்சமாக இருக்கும். வில்லுப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் இருப்பவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போட்டு, சந்தேகம் கேட்டு, அடுத்த அடிக்கு வழி விடுவார். அந்த “ஆமா” இல்லையென்றால் கதை நகராது. முதல் சில நாட்கள் நீங்கள் அந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலே போதும். விடுதியில் யாராவது தன் பயணத்தைப் பற்றிச் சொன்னால், “அப்புறம்?” என்று கேளுங்கள். நல்ல கேள்வி கேட்பவரை எல்லாக் குழுவும் தேடி வரும்.

அப்புறம் சில நடைமுறைகள். பாத்திரம் பேசுவதை ஐசி என்றும், நீங்கள் நீங்களாகப் பேசுவதை ஓஓசி என்றும் சொல்வார்கள். ஓஓசி பேச்சை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். “அம்மா கூப்பிடுகிறார், ஐந்து நிமிடம்” என்பது அடைப்புக்குறிக்குள் போக வேண்டும்.

அடுத்தவர் உடம்பில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் எழுதாதீர்கள். “என் வாள் உன் தோளில் இறங்கியது, நீ சுருண்டு விழுந்தாய்” என்று எழுதினால் அடுத்தவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. “வாளை உருவித் தோளை நோக்கி வீசுகிறேன்” என்று நிறுத்துங்கள். விழுவதா விலகுவதா என்பது அவர் உரிமை. இந்த ஒரு விதியை மீறியதால் உடைந்த குழுக்கள் நிறைய.

நீங்கள் நிஜத்தில் அறிந்ததைப் பாத்திரம் அறிந்ததாகக் காட்டாதீர்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒருவர் தன் ரகசியத்தைச் சொல்லியிருக்கலாம். உங்கள் துறைமுகப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரியாமலே அவள் போய் மாட்டிக்கொள்ளட்டும், அதுதான் நன்றாக இருக்கும்.

கதைக்குள் வரும் கோபம் நிஜமாவது தெரிந்தால் உடனே ஓஓசியில் “இது உங்களுக்குச் சரிதானே?” என்று கேளுங்கள். சாதி, மதம், இனம் சார்ந்த வசைகளை “பாத்திரம்தானே பேசுகிறது” என்று நியாயப்படுத்துகிற இடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டாம்.

இந்த வழக்கங்கள் விளையாட்டுக்கு விளையாட்டு கொஞ்சம் மாறும். ஜிடிஏ 5 இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் நடத்தும் ரோல்பிளே சர்வர்களில் குரலில்தான் எல்லாம், விதிகளும் கறார். அங்கே போவதென்றால் முதலில் யூடியூபில் அவர்கள் ஆடுவதைச் சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். அது வயது வந்தோருக்கான விளையாட்டு, சிங்கப்பூரில் எம்18.

படி 6: தமிழில் ஒரு கதையை நீங்களே நடத்துங்கள்

இங்குதான் நம்மவர்கள் இன்னும் நிறையச் செய்யலாம் என்று ஆசைப்படுகிறேன். நான்கு பேர் போதும். ஒருவர் நடத்துநர், மூவர் ஆடுபவர்கள். பல விளையாட்டுகளின் அரட்டைப் பெட்டியில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிவதில்லை, எனவே டிஸ்கார்டில் ஒரு குரல் அறையும் ஓர் எழுத்து அறையும் திறந்துகொள்ளுங்கள். பேச்சு அதில், நடமாட்டம் விளையாட்டில். சிங்கப்பூர்த் தமிழில் ஆங்கிலமும் மலாயும் கலந்து வந்தால் வரட்டும், யாரையும் திருத்த வேண்டாம். பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட பாத்திரத்தின் வாயில் தமிழ் பேசுவதை எங்கள் குழுவிலேயே பார்க்கிறோம். வீட்டில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் பையன், கொள்ளைக்காரத் தலைவனாக வந்தால் முழு வாக்கியத்தில் மிரட்டுகிறான்.

சிறுவர்களோடு என்றால் மைன்கிராஃப்ட் நல்லது. அதன் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழே இருக்கிறது. ஒரு சின்ன கம்பத்தை, அதாவது கிராமத்தை, கட்டுங்கள்: கிணறு, கோயில், பூட்டிய வீடு. பூட்டிய வீட்டுக்குள் ஒரு புத்தகம் வையுங்கள். விளையாட்டிலேயே எழுதக்கூடிய புத்தகம் உண்டு. தமிழ் எழுத்து அதில் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிடுங்கள். சரியாக வராவிட்டால் புத்தகத்தில் படக்குறியோ எண்களோ வைத்து, மீதியை வாயால் சொல்லலாம். நடத்துநர் முடிவை எழுதிவைக்கக் கூடாது. ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் தயாராக வைத்திருங்கள். பிள்ளைகள் எந்தக் கதவைத் திறந்தாலும் பதில் கிடைக்கும். சர்வரைத் தெரிந்தவர்கள் மட்டும் வரும்படி பூட்டிவைப்பது பெரியவர்கள் பொறுப்பு.

முதல் அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரம் எல்லாரும் நேரத்துக்கு வருவார்கள்.

சில கவனங்கள்

பொருள் விற்கிறேன், இலவசமாகத் தருகிறேன் என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். விளையாட்டுக் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். ஏமாற்றோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம். கதைக்குள் காதலாகப் பழகியவர் நிஜத்தில் காசு கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள்.

பதிந்து வைப்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த உலகங்கள் நிரந்தரமில்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டை 2012 நவம்பர் 30 அன்று மூடினார்கள். அதற்கு முன்னால் ஆட்டக்காரர்கள் நகரச் சதுக்கத்தில் தீப்பந்தங்களோடு திரண்டு நின்று எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. பிறகு ரசிகர்கள் தாங்களாகவே அதை மீட்டு நடத்தி, 2024 ஜனவரியில் அதிகாரப்பூர்வ உரிமமும் பெற்றார்கள். ஆனாலும் பழைய அரட்டைகள் திரும்பி வரவில்லை.

ஆகவே அமர்வு முடிந்த இரவே அரட்டையை நகலெடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட், தேதி, வந்தவர்களின் பாத்திரப் பெயர்கள், முடிந்த இடம். குழுவில் இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், மாதத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த அமர்வின் தேதியையும் நேரத்தையும் அந்தக் கோப்பின் கடைசி வரியில் எழுதி, சிங்கப்பூர் நேரம் என்று குறிப்பிட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போங்கள்.